ஏறிவந்தவர்களின் செலவுக் கணக்கு

1905-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியிலுள்ள இரும்பாலை நகரமான மிடில்ஸ்பரோவின் கால்பந்துக் கழகம், அண்டை ஊரான சண்டர்லாந்துக் கழகத்திடமிருந்து ஆல்ஃப் காமன் என்ற முன்கள ஆட்டக்காரரை ஆயிரம் பவுண்டு கிரயம் கொடுத்து வாங்கிற்று. சில மாதங்களுக்கு முன் சண்டர்லாந்து அவருக்குக் கொடுத்திருந்த விலை 520 பவுண்டு. ஓர் ஆட்டக்காரருக்கு ஆயிரம் பவுண்டு என்பது அதுவரை யாரும் கேள்விப்படாத தொகையாதலின், இது மனித வியாபாரமல்லவா என்று பத்திரிகைகள் இடித்துரைத்தன. ஆனால் மிடில்ஸ்பரோவின் அவஸ்தையை அறிந்தவர்களுக்குக் காரணம் விளங்காமற் போகாது: 1902-இல்தான் இரண்டாம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறிவந்த அக்கழகம், மூன்றாவது பருவத்திலேயே மீண்டும் கீழே விழும் தறுவாயில் நின்றது, வெளியூர் ஆட்டம் ஒன்றில் ஜெயித்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காமனோ, தாம் முன்பு ஆடிய ஷெஃபீல்ட் யுனைடெட் மைதானத்திலேயே புதுக் கழகத்துக்காக முதன்முதல் இறங்கி, ஒரு பெனால்டியைக் கோலாக்கி, 1-0 என்று வெற்றி தேடித் தந்தார். கழகமும் அவ்வாண்டு தப்பிப் பிழைத்தது. ஏறிவந்தவர்கள் பணத்தைக் கொட்டினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆரம்பத்திலேயே 'உண்டு' என்று பதில் வந்துவிட்டதை ஒரு துரதிருஷ்டம் என்றே நான் கருதுகிறேன். பின்வந்த நூற்றிருபது ஆண்டுகளில் எத்தனையோ டைரக்டர்கள் அந்த ஒரு பெனால்டியை நம்பியவர்களைப் போலவே பணப்பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு ஆதாரமான ஏற்பாட்டைச் சற்றே சொல்ல வேண்டும். 1885-இல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீகை அமைத்தன. 1892-இல் இரண்டாம் டிவிஷன் தோன்றியது. 1893 முதல், ஒரு கழகத்தில் பதிவான ஆட்டக்காரர் அக்கழகத்தின் சம்மதமின்றி வேறிடம் போகலாகாது என்ற விதி நிலைபெற்றதால், சம்மதத்துக்கே ஒரு விலை உண்டாயிற்று. முதலில் பரீட்சை ஆட்டங்களின் மூலம் நடந்துவந்த ஏற்றமும் இறக்கமும் 1898-99 முதல் பட்டியலில் வகிக்கும் ஸ்தானத்தைப் பொறுத்துத் தாமாகவே நிகழலாயின. ஆக, இறக்கம் என்னும் பயமும் வாங்கலாம் என்னும் வசதியும் ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. 1908-இல் 350 பவுண்டுக்கு மேல் யாரும் கொடுக்கலாகாது என்று ஒரு வரம்பு விதித்துப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு மேல் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1907-இல் ஏறிவந்த செல்சி, 1910-இன் வசந்தத்தில் கடைசி நேரத்தில் ஆட்களை வாங்கிக் குவித்தும் இறங்கியேவிட்டது. பருவத்தின் இறுதி வாரங்களில் வாங்கக்கூடாது என்ற தடை பிறந்தது அதன் விளைவே.

பணமில்லாமலும் காரியம் நடந்ததுண்டு. ஆல்ஃப் ராம்ஸே என்ற மானேஜரின் கீழ் 1961-இல் முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு வந்த இப்ஸ்விச், ஸ்காட்லாந்திலிருந்து டக் மோரன் ஒருவரைத் தருவித்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் வாங்காமல், மறு ஆண்டே சாம்பியன் ஆயிற்று. ஓரத்தில் நிற்க வேண்டிய ஜிம்மி லெட்பெட்டரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, எதிர்த்தரப்புத் தடுப்பாளரை 'இவரைத் தொடர்வதா, விடுவதா' என்ற தர்மசங்கடத்தில் ஆழ்த்திய யுக்தி ஒன்றே ராம்ஸேயின் மூலதனம். 1977-இல் மூன்றாவதாக வந்து மேலேறிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 1978-இல் சாம்பியனாகி, அடுத்த இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையைத் தட்டிச் சென்றதையும் பணமற்ற சாதனை என்று சொல்லும் வழக்கம் உண்டு, அது சரியன்று. ப்ரையன் கிளஃப் செலவழித்தார். ஆனால் கோல் காக்க ஓர் ஆள், பின்களத்துக்கு ஓர் ஆள், நடுக்களத்துக்கு ஓர் ஆள் என்று இருந்த ஓட்டைகளை அடைக்கவே செலவழித்தார். பீட்டர் ஷில்டனுக்குச் சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்தது அக்காலத்தில் ஊதாரித்தனமாகத் தோன்றியது. முன்கள ஆட்டக்காரராகப் பேர் பெற்றிருந்த கென்னி பர்ன்ஸைப் பின்களத்தில் நிறுத்தியது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அந்த அணி 1977 நவம்பர் தொடங்கி 42 லீக் ஆட்டங்கள் தோல்வி காணாமல் ஆடிற்று. ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தில் சேர்க்கப்பட்ட தூண்கள் சுமை தாங்கின என்பதே என் அபிப்பிராயம்.

1992-இல் பிரிமியர் லீக் பிறந்து, டெலிவிஷன் பணம் பெருகிற்று. அவ்வாண்டே ஏறிவந்த பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு, எஃகு வியாபாரத்தை முப்பது கோடி பவுண்டுக்கு மேல் விற்றுத் தனவந்தரான ஜாக் வாக்கர் என்ற உள்ளூர்க்காரர் புரவலராக வாய்த்தார். ஆலன் ஷியரர் 33 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட கிரயத்தில் வந்தார். இரண்டு ஆண்டு கழித்து கிரிஸ் சட்டனுக்கு 50 லட்சம். நான்காம் இடம், இரண்டாம் இடம், 1995-இல் முதலிடம் என்று படிப்படியாக ஏறிய அந்த வெற்றியை, பணத்தால் கீர்த்தி வாங்கலாம் என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டாதவர் இல்லை. அவர்கள் மறக்கும் சங்கதி ஒன்று: வாக்கர் கொடுத்தது சொந்தத் திரவியம், திருப்பிக் கேட்கும் கடன்காரர் எவரும் பின்னால் இல்லை. அப்படியிருந்தும் பட்டம் வென்ற நான்காம் ஆண்டில், 1999-இல், கழகம் கீழிறங்கிற்று. மேலே திரும்பிய அக்கழகத்தை நம் நாட்டுக் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் 2010-இல் வாங்கியதும், 2012-இல் அது மறுபடி இறங்கியதும் வேறு கதை.

எல்லாவற்றிலும் கசப்பான அத்தியாயம் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பிராட்ஃபோர்ட் சிட்டியுடையது. 1999-இல் ஏறிவந்த அக்கழகம், முதல் பருவத்தை நிதானமாகவே கழித்து, 2000-ஆம் ஆண்டு மே 14 அன்று, கடைசி ஆட்டத்தில், டேவிட் வெதரால் தலையால் முட்டிய ஒரே கோலால் லிவர்பூலை வீழ்த்தித் தப்பியது. அதோடு நின்றிருக்கலாம். அந்தக் கோடையிலேதான் தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்ட் அகலக்கால் வைத்தார். பின்னாளில் அவரே அதை ஆறு வாரப் பித்து என்று வர்ணிக்கும்படி ஆயிற்று. இத்தாலியரான பெனிட்டோ கார்போனேவுக்கு விலை ஒன்றும் இல்லை. ஆனால் வாரச் சம்பளம் சுமார் 40,000 பவுண்டு. டான் பெட்ரெஸ்கு வந்தார், பிறகு ஸ்டான் காலிமோர் வந்தார். வந்தவர்கள் எல்லோரும் பேர் பெற்றவர்கள். இவர்கள் சேர்ந்து ஓர் அணியாவார்களா என்று கேட்டவர்தான் இல்லை. 2001-இல் வெறும் 26 புள்ளிகளோடு கழகம் கீழே போயிற்று. இறங்கினால் வருமானம் குறையும், ஒப்பந்தச் சம்பளம் குறையாது என்ற எளிய கணக்கு அப்போதுதான் பிரத்தியட்சமாயிற்று. 2002-இல் கடன்காரர்களுக்காக நிர்வாகி நியமிக்கப்பட்டார். 2007-இல் கழகம் நான்காம் படியில் நின்றது. முதல் ஆண்டில் தப்பியவர்கள் இரண்டாம் ஆண்டில் விழுவது புதிதன்று. ஆயிரம் பவுண்டுக்குக் காமனை வாங்கிய மிடில்ஸ்பரோவே 1995-இல் மீண்டும் ஏறிவந்து, மறு ஆண்டு 70 லட்சம் பவுண்டுக்கு ரவனெல்லியை வாங்கி, இரண்டு கோப்பை இறுதியாட்டங்களுக்குச் சென்று இரண்டிலும் தோற்று, 1997-இல் இறங்கியும் விட்டது. ஆட்டக்காரர்களுக்கு உடல்நலமில்லை என்று பிளாக்பர்னுக்குப் போகாமல் இருந்ததற்காக மூன்று புள்ளிகள் பிடிக்கப்பட்டிராவிட்டால் அது பிழைத்திருக்கும்.

2019-இல் மூவர் ஏறிவந்தார்கள். பன்னிரண்டு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து அணியையே புதுப்பித்தது ஆஸ்டன் வில்லா. அளவோடு செலவழித்தது ஷெஃபீல்ட் யுனைடெட். கையை இறுக மூடிக்கொண்டது, சமையல் நூலாசிரியை டீலியா ஸ்மித் பங்குதாரராக இருந்த நார்விச். அளவோடு செலவழித்தவர் ஒன்பதாம் இடம் பெற்றார். இறுக்கிப் பிடித்தவர் கடைசி இடம். வில்லாவோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற கதைதான். 2020 ஜூன் 17-ஆம் தேதி, கொள்ளைநோய்க்குப் பின் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கிய நாளில், பார்வையாளர் ஒருவரும் இல்லாத வில்லா பார்க்கில், ஷெஃபீல்ட் வீரர் நார்வுட் அடித்த பந்தைப் பிடித்த கோல் கீப்பர் நைலண்ட், பந்தும் தாமுமாகக் கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே போய்விட்டார். கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவி நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் சைகை அனுப்ப வேண்டும். அன்று அது அனுப்பவில்லை. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. பருவ முடிவில் வில்லாவுக்கு 35 புள்ளிகள். இறங்கிய போர்ன்மத்துக்கு 34. அந்த ஒரு புள்ளி இல்லாதிருந்தால், கோல் வித்தியாசத்தில் போர்ன்மத் தங்க, வில்லாவின் பன்னிரண்டு கோடியும் பிராட்ஃபோர்டின் கணக்கில் சேர்ந்திருக்கும். நான்கு ஆண்டுக்குப் பின் வில்லா நான்காமிடம் பெற்று ஐரோப்பாவின் தலையாய போட்டிக்குத் தகுதி பெற்றபோது, 2019 கோடையில் வாங்கப்பட்ட கொன்ஸாவும் டக்ளஸ் லூயிஸும் அணியில் இருந்தார்கள். சாமர்த்தியத்துக்கு எத்தனை பங்கு, கடிகாரத்துக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

வில்லாவுக்கு முந்திய ஆண்டில், 2018-இல், ஏறிவந்த ஃபுல்ஹம் பத்துக் கோடிக்கு மேல் கொடுத்து, மூன்று மானேஜர்களின் கீழ் ஆடி, 26 புள்ளிகளோடு இறங்கியதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். 2022-இல் 23 ஆண்டுகளுக்குப் பின் ஏறிவந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை அப்படிக் கடக்க இயலாது. ஏற்றம் வாங்கித் தந்த அணியில் பலர் இரவலாக வந்தவர்கள்; பருவம் முடிந்ததும் அவரவர் கழகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். எனவே இருபதுக்கு மேற்பட்டவர்களை வாங்கியதை ஆடம்பரம் என்பதைவிட நிர்ப்பந்தம் என்பதே பொருந்தும். அது பிழைத்தது. ஆனால் மூன்று ஆண்டு நஷ்டக் கணக்கில் வரம்பு மீறியதற்காக 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்டன. அவ்விதியை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை: மேலேயே இருந்தவர்கள் மூன்றாண்டில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டு வரை நஷ்டப்பட அப்போது இடம் இருந்தது; கீழ்ப்படியில் கழித்த ஆண்டுகளின் காரணமாக ஃபாரஸ்டுக்கு இருந்த அனுமதி 6 கோடியே 10 லட்சம்தான். எவருக்குச் செலவு அவசியமோ அவருக்கே வரம்பு குறைவு.

2023-இல் ஏறிவந்த மூவரும் 2024-இல் இறங்கினர். 2024-இல் ஏறிவந்த மூவரும் 2025-இல் இறங்கினர். இவர்களில் சுமார் பத்துக் கோடி செலவிட்ட பர்ன்லியும் உண்டு. வெளியூர் ரசிகர்கள் வீட்டு வரிசையின் நடுவே புகுந்து, புழக்கடைகளுக்கு மேலாகப் படியேறிப் போக வேண்டிய மைதானத்தை உடைய, குறைவாகவே செலவிட்ட லூட்டனும் உண்டு. அந்த லூட்டன் மறு ஆண்டே இன்னொரு படியும் சறுக்கிற்று. பத்துக் கோடிக்கு மேல் வாங்கிய இப்ஸ்விச்சோ 22 புள்ளிகளே பெற்று இறங்கியபின், சுமார் 2 கோடி பவுண்டுக்கு வாங்கிய லியம் டெலப்பை 3 கோடிக்குச் செல்சிக்கும், அதே செல்சியிடம் வாங்கிய ஒமரி ஹட்சின்சனை வாங்கிய விலைக்கு வெகு மேலாக ஃபாரஸ்டுக்கும் விற்றது. வருகிறவர் இருபது வயதை ஒட்டியவரா, இறங்கினாலும் விலை குறையாதவரா என்று பார்த்து வாங்குகிறவர்களும் இப்போது ஏறிவந்தவர்களில் உண்டு. பட்டியலில் தோற்றவர் பேரேட்டில் தோற்றாக வேண்டியதில்லை என்பது, ரிச்மண்டின் காலத்தில் எவரும் எண்ணிப் பாராத ஏற்பாடு.