யோர்க் நகரத்துப் புகலகம்

நோயுற்றோரைக் கண்டு இரங்காத மனிதர் அரியர். ஆயினும், இரக்கமுடையோர் கூடி அமைத்த வைத்தியசாலைகளிலேயே இரக்கம் அற்றுப்போனதும் உண்டு. தனிமனிதர் நெஞ்சில் ஊறும் அன்பு ஒரு நிலையத்தின் அன்றாட நடைமுறையாக நிலைபெறுவது எவ்வாறு? இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரத்தில் இருந்த இரண்டு மனநோயாளர் இல்லங்களின் சரித்திரம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

முதலாவது இல்லமாகிய யோர்க் அசைலம் 1777 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நன்மக்கள் அளித்த நன்கொடையே அதற்கு மூலதனம். 1790 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற விதவை அங்கே சேர்க்கப்பட்டாள். தொலைவில் வாழ்ந்த உறவினரின் வேண்டுகோளின்படி அவளைப் பார்க்கச் சென்ற யோர்க் நகரத்துக் குவேக்கர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாத இறுதியில் அவள் இறந்தாள். பூட்டிய கதவின் பின்னால் அவளுக்கு நேர்ந்தது யாதென வெளியில் இருந்தோர் அறியார்.

இச்செய்தி தேயிலை வணிகரான வில்லியம் ரியூக்கின் உள்ளத்தைத் தைத்தது. அவருடைய முயற்சியினால் 1796 ஆம் ஆண்டில், நகர்ப்புறத்துக் குன்றொன்றின்மேல், ஏறக்குறைய முப்பது நோயாளருக்கென இரண்டாவது இல்லம் எழுந்தது. நோயையோ சிறையையோ நினைவூட்டாதபடி, புகலகம் எனப் பொருள்படும் 'ரிற்றீற்' என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது.

அங்கே அன்பு சொல்லளவில் நிற்கவில்லை; கட்டடத்திலேயே இடம்பெற்றது. சாளரங்களின் இரும்புச் சட்டங்கள் மரம்போலத் தோன்றுமாறு செய்யப்பட்டன. பூட்டின் ஓசை நோயாளரை வருத்தாதிருக்கத் தோலினால் மூடப்பட்டது. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்ந்தன. இல்லத் தலைவி தேநீர் விருந்துக்கு அழைப்பாள். நோயாளர் தம் நல்லாடைகளை அணிந்து, விருந்தினர்க்குரிய மரியாதையுடன் அமர்வர். 1797 முதல் மேற்பார்வையாளராயிருந்த ஜோர்ஜ் ஜெப்சன், மருந்துகளிலும் பார்க்க இன்சொல்லே பெரிதும் பயன் தருவதைக் கண்டார்.

ஒருமுறை, பேருருவம் வாய்ந்த ஒருவன் விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்டான். விலங்குகள் களையப்பட்டன. மேற்பார்வையாளர் உணவருந்திக்கொண்டிருந்த அறைக்கு அவன் அழைத்துச் செல்லப்பட்டான். அடங்கி நடந்தால் கட்டுப்பாடு தேவையில்லை என அவனுக்கு எடுத்துரைக்கப்பட்டது. நான்கு மாதத்தில் அவன் குணமடைந்து வீடு திரும்பினான். கட்டுப்பாடு அங்கே முற்றாக ஒழிந்துவிட்டதெனல் பொருந்தாது. கடுஞ்சினமுற்றோர் சிலவேளை வாரினால் கட்டப்பட்டதும் உண்டு. ஆனால் அது வழக்கமாகவன்றி விலக்காகவே கொள்ளப்பட்டது.

வில்லியத்தின் பேரனாகிய சாமுவேல் ரியூக் 1813 ஆம் ஆண்டில் இவ்வில்லத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து பழைய இல்லத்தின் நிலையும் ஆராயப்படலாயிற்று. நீதவான் கொட்பிறி ஹிகின்ஸ் 1814 ஆம் ஆண்டில் அங்கே சென்று மறைவான அறையொன்றைத் திறக்கப் பணித்தார். திறவுகோல் கிடைக்கவில்லை என்றனர் ஊழியர். அடுப்பங்கரையிலுள்ள இரும்புக் கோலே திறவுகோலாகும் என்று அவர் கூறியதும் கதவு உடனே திறந்தது! உள்ளே அழுக்கு மலிந்த சிற்றறைகள் இருந்தன. பதின்மூன்று பெண்கள் இரவில் அவற்றில் அடைக்கப்பட்டு வந்தமை வெளிப்பட்டது. 1815 ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவொன்று இத்தகைய இல்லங்களைப் பற்றி விசாரணை நடத்திற்று.

இரண்டு இல்லங்களும் ஈகையினாலேயே தோன்றியவை. முதலாவதில் அன்பு ஊழியரின் மனப்போக்குக்கு விடப்பட்டது. கதவு பூட்டியதும் அது மறைந்தது. இரண்டாவதிலோ அது பூட்டிலும் சாளரத்திலும் உணவு மேசையிலும் வகுத்து வைக்கப்பட்டது. வெளியார் பார்வையாளராக வந்து கண்காணித்தனர். வைத்தியசாலையில் இரக்கம் நிலைக்க வேண்டுமாயின், நல்ல உள்ளங்களை நாடுவதுடன், அவ்வுள்ளங்கள் சோர்ந்தவிடத்தும் நோயாளனைக் காக்கும் ஒழுங்கையும் அமைத்தல் வேண்டும். வந்தவரை வாயிலில் மறிக்கும் வைத்தியசாலையில் ஹன்னா மில்ஸ் ஒருத்தி உள்ளே இருத்தல் கூடும்.