வியட்நாம் சமையலை வீட்டில் செய்வது எப்படி? மாட்டுங்கா மார்க்கெட்டிலேயே முக்கால்வாசி சாமான் இருக்கு!

வியட்நாம் உணவகத்தில் ஒரு கிண்ணம் ஃபோ சாப்பிட்டுவிட்டு, 'இதை வீட்டிலேயே செஞ்சா என்ன?' என்று யோசித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் அடுத்து செய்வது ஆன்லைனில் இறக்குமதி நூடுல்ஸ், ரெடிமேட் பேஸ்ட், ரைஸ் பேப்பர் என்று கூடையை நிரப்புவதுதான். மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடும்.

ஆனால் வியட்நாம் சமையலின் அடிப்படை அரிசி, தேங்காய்ப்பால், புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் இருக்கும் தமிழ் வீடுகளில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் புதிதாக வாங்க வேண்டியது அநேகமாக ஒரே ஒரு பாட்டில்தான்.

நமக்கும் வியட்நாமுக்கும் என்ன சம்பந்தம்?

1859-ல் சைகோன் நகரை பிரான்ஸ் கைப்பற்றியது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன. அதனால் அங்கிருந்து பலர் அரசு வேலைக்காக சைகோன் போனார்கள். செட்டிநாட்டு நகரத்தார் வட்டித் தொழிலுக்காகப் போனார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் ஹோ சி மின் நகரின் மையப்பகுதியில் இருக்கிறது. வியட்நாம் மக்களும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் போரும் ஆட்சி மாற்றங்களும் வந்தபோது, பல குடும்பங்கள் புதுச்சேரிக்குத் திரும்பின. வியட்நாம் மனைவிமார்களோடு அவர்களின் சமையலும் வந்து சேர்ந்தது. தென் வியட்நாமில் 'கா ரி' என்று ஒரு கோழிக் குழம்பு உண்டு. தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைப்புல் போட்டு ரொட்டியோடு சாப்பிடுவார்கள். பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம்ம 'கறி'தான் அது.

எதற்குப் பதிலாக எதை வாங்கலாம்?

• அரிசி நூடுல்ஸ்: தமிழ் மளிகைக் கடையில் கிடைக்கும் அரிசி சேவை பாக்கெட் போதும். வியட்நாமின் 'பூன்' நூடுல்ஸும் அரிசி மாவைப் பிழிந்து செய்வதுதான். நாம் மாவை வேகவைத்துப் பிழிகிறோம், அவர்கள் கொதிக்கும் நீரில் நேராகப் பிழிகிறார்கள்.

• எலுமிச்சைப்புல்: மும்பை காய்கறிக்காரரிடம் 'கவதி சஹா' என்று மராத்தியில் கேளுங்கள். டீயில் போடும் அதே புல்தான். இலையை முடிச்சுப் போட்டுக் குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம். அரைத்து மசாலாவில் சேர்க்க அடித்தண்டுதான் வேண்டும், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

• ஃபோ மசாலா: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், தனியா. நம்ம பிரியாணி டப்பாவேதான்.

• பான் மீ ரொட்டி: பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் இது. போர்ச்சுகீசியர் பழக்கிய பாவ் இங்கே இருக்கிறதே! மொறுமொறு மேல்தோலுக்கு 'ப்ருன் பாவ்' கேட்டு வாங்குங்கள்.

• மீன் சாஸ்: இதுதான் அந்த ஒரு பாட்டில். நெத்திலி வகை மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்தது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் தயாராகும் மீன் சாஸுக்கு 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் அங்கீகாரமே கொடுத்தது. இங்கே பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தாய்லாந்து பாட்டில் கிடைத்தாலும் போதும்.

முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

'நுக் சாம்' என்ற தொட்டுக்கொள்ளும் சாறு. சட்னி தெரிந்தால் டிபன் பாதி முடிந்த மாதிரி, இது தெரிந்தால் வியட்நாம் சமையல் பாதி கைவந்துவிடும்.

இரண்டு பேருக்கு அளவு: வெந்நீர் 8 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2, எலுமிச்சைச் சாறு 2, மீன் சாஸ் 2. முதலில் சர்க்கரையை வெந்நீரில் கரையுங்கள். ஆறியதும் மற்றவற்றைச் சேர்த்து, பொடியாக நறுக்கிய பூண்டு 2 பல், பச்சை மிளகாய் 1 போடுங்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நான்கும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்க வேண்டும். நம்ம எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புளிப்பு என்பதால் ருசி பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

அரை மணி நேரத்தில் ஒரு டின்னர் முடியுமா?

முடியும். ஆபீஸ் முடிந்து வந்து செய்ய ஏற்றது 'பூன்' கிண்ணம்.

1. சேவையை வெந்நீரில் வேகவைத்து வடித்து, குளிர்ந்த குடிநீரில் அலசுங்கள். அப்போதுதான் ஒட்டாது.
2. கேரட், முள்ளங்கியை நீளமாக நறுக்கி வினிகர், சர்க்கரை, சிட்டிகை உப்பில் 20 நிமிடம் ஊறவிடுங்கள்.
3. கோழி அல்லது பனீரை எலுமிச்சைப்புல் தண்டு, பூண்டு, மிளகு, கொஞ்சம் சர்க்கரையோடு புரட்டி, சூடான தோசைக்கல்லில் நன்றாக வேகும்வரை சுட்டெடுங்கள்.
4. கிண்ணத்தில் சேவை, வெள்ளரி, ஊறிய காய், கோழி, கைநிறைய புதினா, கொத்தமல்லி. மேலே வறுத்த வேர்க்கடலையை உடைத்துத் தூவி, நுக் சாம் ஊற்றிக் கிளறுங்கள். அவ்வளவுதான்.

இது பழகிவிட்டால் அடுத்து 'பான் செயோ' முயற்சி செய்யலாம். அரிசி மாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால் கரைத்து மெல்லிசாக ஊற்றும், புளிக்கவைக்காத தோசை. கல்லில் மாவு விழும்போது வரும் சத்தம்தான் 'செயோ'; நமக்கு 'சொய்ங்'.

ஃபோவை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாறு இறங்க நேரம் வேண்டும். மகாராஷ்டிராவில் பசு மட்டுமல்லாமல் காளை, எருது வெட்டுவதற்கும் 2015 முதல் தடை இருப்பதால், வீட்டில் கோழி ஃபோ செய்வது சுலபம். வெங்காயத்தையும் இஞ்சியையும் அடுப்புத் தீயில் நேராகக் கருக்கிப் போடுங்கள். அந்தப் புகை வாசனை இல்லாவிட்டால் அது வெறும் சிக்கன் சூப்தான்.

வாடகை வீட்டில் 'வெஜ் ஒன்லி' என்றால்?

வியட்நாமில் சைவமே இல்லை என்று நினைக்காதீர்கள். அங்குள்ள பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் 1-ஆம், 15-ஆம் நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம்தான் சாப்பிடுகிறார்கள். இதற்கு 'ஆன் சாய்' என்று பெயர். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், தண்ணீருக்குப் பதில் இளநீர், கோழிக்குப் பதில் டோஃபு அல்லது காளான். எனவே நீங்கள் சைவமாகச் செய்வது 'காம்ப்ரமைஸ்' இல்லை, அங்கேயே இருக்கும் முறைதான். வெளியே சாப்பிடும்போது மட்டும், காய்கறி ரோலுக்குக் கொடுக்கும் சாறிலும் மீன் சாஸ் இருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உப்பு: ஒரு டேபிள்ஸ்பூன் மீன் சாஸில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் சாஸைப் பாதியாக்கி எலுமிச்சையைக் கூட்டுங்கள். சோயா சாஸிலும் சோடியம் அதிகம்தான்.

பச்சை இலைகள்: ஓடும் நீரில் இலை இலையாக அலசுங்கள். மும்பை மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முளைகட்டிய பயறைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துச் சேருங்கள். கர்ப்பிணிகள் பச்சை முளையைத் தவிர்ப்பது நல்லது.

அலர்ஜி: விருந்துக்குக் கூப்பிடும்போதே வேர்க்கடலை, மீன், இறால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள்.

ரைஸ் பேப்பர் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரம் அந்த ஒரு பாட்டிலை வாங்கி, நுக் சாமின் ருசியைச் சரிசெய்யப் பழகுங்கள். மிச்சமெல்லாம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.