கதிரும் மதியும்: நன்னூல் உவமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூல் என்னும் சொல் பஞ்சிழைக்கும் புலவர் இயற்றும் இலக்கண இலக்கியங்கட்கும் பொதுவாய் வழங்குதல் யாவரும் அறிந்ததே. இப்பொதுமைக்குக் காரணங்காட்டும் சூத்திரம் ஒன்று நன்னூற் பொதுப்பாயிரத்துள் உளது. சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் அஃது உருவகஞ் செய்கின்றது. வகுப்பறையில் இதனை இராட்டையை மனத்திற்கொண்டு விளக்கும் வழக்கம் உண்டு. அது பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

பஞ்சு, இழை, பெண், கை, கதிர் என ஐந்தே சூத்திரத்துள் வந்தன, சக்கரம் கூறப்படவில்லை. புறநானூறு காட்டும் பருத்திப் பெண்டிரிடத்தும் சக்கரத்தைக் காண்கிலேம். ஆயினும், கூறாமை ஒன்றே கொண்டு இன்மை துணிதல் ஆகாது.

காலத்தை நோக்குவோம். பவணந்தியார் மூன்றாங் குலோத்துங்கன் (1178-1218) காலத்துச் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றினார். இந்தியாவில் இராட்டைக்குரிய தெளிவான முதற்சான்று 1350இல் இசாமி இயற்றிய பாரசீகக் காவியத்தில் உளதென்பர் வரலாற்றறிஞர் இர்பான் ஹபீப். ஆனால் 12ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் கதிரெ ரெம்மவ்வெ என்னும் கன்னட அம்மையார், தம் வசனம் ஒன்றில் இராட்டையின் உறுப்புக்களைத் தெய்வங்களாக உருவகிக்கின்றார். வசனங்கள் பிற்காலத்தே தொகுக்கப்பெற்றனவாயினும், இச்சான்றைத் தள்ளுதற்கில்லை. எனவே காலங்கொண்டு முடிவு செய்தல் இயலாது. உவமையின் உள்ளமைப்பையே நோக்கல் வேண்டும்.

கதிர் இருதொழில் உடையது. சுழன்று பஞ்சினை முறுக்கி இழையாக்குதல் ஒன்று. ஆக்கிய இழையைத் தன்மேற் சுற்றிக் காத்தல் மற்றொன்று. இவை ஒருங்கு நிகழா. முறுக்கிய பின்னரே சுற்றல் இயலும். நம் நாட்டு இராட்டையினும் இம்முறையே உளது. சக்கரம் கதிரை விரைந்து சுழற்றுவதன்றி அதன் தொழிலை மாற்றுவதில்லை. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்த காலத்து உருவான பெட்டி இராட்டை இருசக்கரம் உடையதாயினும், அவை விரைவு மிகுத்தற்கே அமைந்தன.

ஐரோப்பியரின் இரட்டைக்கயிற்று இராட்டை இதனின் வேறாம். அதனை அமைக்குங்கால் ஒரே நீண்ட கயிற்றைப் பெருஞ்சக்கரத்தின்மேல் இருமடியாக ஓட்டி, ஒரு மடியைக் கவை பொருந்திய கதிரின் உருளையிலும், மற்றதை நூல் சுற்றும் குழலின் உருளையிலும் இடுவர். குழலின் உருளை சிறிதாகலின் குழல் கவையினும் விரைந்து சுழலும். அவ்வேறுபாட்டால் இழை தானே சுற்றப்படும். நூற்பவர் இழையைப் பிடித்து நிறுத்தின், கயிறு வழுக்க, இரண்டும் ஒருங்கு சுழன்று முறுக்கேறும். கயிற்றின் இறுக்கத்தைத் திருகாணியால் திருத்துவர். இங்கு முறுக்கல் கவைக்கும், காத்தல் குழலுக்கும் எனத் தொழில் பிரிந்தது.

இவ்வேறுபாட்டால் நன்னூல் உவமையின் நுட்பம் புலனாகின்றது. சொற்களை இயைத்துப் பொருளாக்குவதும் மதியே; ஆக்கியதை நினைவிற் காப்பதும் மதியே. இருதொழிலும் ஒருங்குடைய கதிரே அதற்கு ஏற்ற உவமை. சக்கரத்தைப் புகுத்தின் அதற்கு ஈடான உறுப்புப் புலவனிடத்து இல்லாமையின் உவமை குறைபடும்.

நன்னூற்கு இன்று கிடைக்கும் உரைகளுள் முற்பட்டது மயிலைநாதருடையது, உ. வே. சாமிநாதையர் அதனை 1918இல் பதிப்பித்தார். அவர் பெயர் நினைவூட்டும் மயிலையிலும், அடுத்துள்ள தியாகராயநகர், அடையாற்றிலும் இன்று பயிலும் மாணவர் பலர் கதிரைக் கண்டறியார். அவர்க்கு இச்சூத்திரத்தைக் கற்பிப்போர் இராட்டைப் படத்தைக் காட்டுதலினும், ஒரு தக்ளியைக் கையிற் கொடுத்து ஒரு முழம் நூற்கச் செய்தல் நன்று. மதி எவ்வாறு கதிராயிற்று என்பது அப்பொழுது உரையின்றியே விளங்கும்.