அறுத்த கையும் உண்ட வாயும்: ஆசிய இரத்த உணவுகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விலங்குகளின் இரத்தத்தைச் சமைத்துண்ணும் வழக்கம் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றையே வந்தடைகின்றனர். நாகரிகத்திற் பின்தங்கிய நிலையின் எச்சமாக அதனைக் கொள்வது ஒன்று. சமயவிதியே அதன் ஏற்பையும் மறுப்பையும் தீர்மானிக்கிறது என்பது மற்றையது. யூத, இஸ்லாமிய சமயங்கள் இரத்தத்தை விலக்கியமை உண்மையே. எனினும், திருமுருகாற்றுப்படையிலே கிடாய்க் குருதி கலந்த வெள்ளரிசி முருகனுக்குப் பலியாக இடப்படுவதை அறிந்த தமிழ் வாசகர், ஒரே தெய்வத்தின் வழிபாட்டில் இரத்தம் ஒரு காலத்தில் தூயதாகவும் பிறிதொரு காலத்தில் தீட்டாகவும் இருந்தமையை உணர்வர். மாறியது தெய்வமன்று. எனவே, விதியை நோக்குமுன் வேலைப்பிரிவினையை நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

முதலிற் பொருளின் இயல்பைக் கருதுவோம். இறைச்சியை உலர்த்தலாம், உப்பிடலாம், தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்பலாம். இரத்தமோ உடலைவிட்டு வெளியேறிய சில நிமிடங்களில் உறையத் தொடங்குகிறது. விரைவிற் கெட்டும் போகிறது. அறுக்குமிடத்திலேயே, அறுப்போரே அதனைக் கையாள வேண்டியிருந்தது. வியட்நாமிலே 'தியெத் கான்' எனும் உணவைச் செய்வோர், வாத்து அல்லது பன்றியின் இரத்தத்தை உப்புச் செறிந்த மீன்சாற்றுடன் கலந்து உறையாது காப்பர். நறுக்கிய இறைச்சியின்மேல் அதனை வார்க்கும்போது வேறு சாறு சேர்த்து உப்பின் செறிவைக் குறைக்க, அது கட்டியாகிவிடும். ஏட்டில் ஏறாத கைத்திறன் இது. (வேகாத இரத்தமாதலின் பன்றியிடமிருந்து கொடிய தொற்றுக்கு இடமளிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

மொங்கோலிய மேய்ப்பரிடையே அறுப்போனும் உண்போனும் வேறுவேறானவரல்லர். ஆட்டின் மார்பிற் சிறுதுளையிட்டு, கையை உள்ளே செலுத்திப் பெருநாடியை அறுப்பர். இரத்தம் நிலத்திற் சிந்தாது நெஞ்சறையிலேயே தேங்கும். அதனை முகந்தெடுத்து மாவும் காட்டு வெங்காயமும் சேர்த்துக் குடலில் நிரப்பி அவிப்பர். மந்தையை வளர்த்த குடும்பமே அறுக்கிறது; அதுவே உண்கிறது. இங்கே இரத்தத்துக்கு இழிவு இல்லை. வறுமைதான் மனிதரை இரத்தம் உண்ணத் தூண்டிற்று என்னும் எளிய பொருளாதார விளக்கம் இவ்விடத்தில் தோற்றுப்போகிறது. அது பொருள்முதல்வாதத்தின் பெயரால் வரும் இயந்திரப்பாங்கான சிந்தனையேயாகும்.

மேய்ச்சற் குலத்தவரான தோபா மரபினர் அமைத்த வட வெய் அரசின்கீழ் அதிகாரியாயிருந்த ஜியா சிசியே, 6ஆம் நூற்றாண்டில் 'சிமின் யாவ்ஷு' எனும் வேளாண் நூலை எழுதினார். ஆட்டிரத்தத்துடன் கொழுப்பு, இஞ்சி, தோடம்பழத் தோல், மிளகு வகை, மா, அரிசி ஆகியவற்றைக் கலந்து குடலில் அடைக்கும் முறை அதிற் காணப்படுகிறது. ஆளும் வர்க்கத்தின் நூலொன்றில் இரத்தவுணவு எவ்விதக் கூச்சமுமின்றி இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது.

கொரியாவை நோக்கும்போது சிக்கல் தெளிவாகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த 'சியுய் சொன்சொ' என்னும் சமையற் சுவடி, பன்றிக் குடலில் இரத்தமும் காய்கறியும் அடைத்துச் செய்யும் 'சுண்டே'யைக் கூறுகிறது. அதாவது, மேலோர் சமையலறையில் இரத்தத்துக்குத் தடையிருக்கவில்லை. ஆனால், விலங்கை அறுத்த 'பெக்ஜொங்' மக்கள் பரம்பரை இழிசனராக ஒதுக்கப்பட்டிருந்தனர். உண்ட வாய் தூயதாகவே இருந்தது. அறுத்த கையே தீட்டாயிற்று. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பை அறிந்தோர்க்கு இம்முரண்பாடு புதுமையன்று.

1894ஆம் ஆண்டின் கபோ சீர்திருத்தம் இந்நிலையைச் சட்டத்தளவில் ஒழித்தது. சட்டத்தில் ஒழிந்தது வாழ்க்கையில் ஒழியவில்லை. யப்பானிய ஆட்சிக்காலத்திலும் குடும்பப் பதிவேட்டில் அவர்களது பிறப்புக் குறிக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிகளிற் புறக்கணிக்கப்பட்டனர். இவற்றுக்கெதிராக 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரில் 'ஹியொங்பியொங்சா' எனும் சங்கம் தோன்றியது. இறைச்சி நிறுக்கும் தராசின் சமநிலையை நினைவூட்டும் பெயர் அது. அவர்களுக்கெதிராக முதலிற் கிளர்ந்தோருள் அயலிலிருந்த விவசாயிகளும் இருந்தனர் என்பதையும், மாட்டிறைச்சி வாங்குவதில்லை என அவர்கள் பகிஷ்கரிப்பு நடத்தினர் என்பதையும் முற்போக்கு வாசகர் கடந்துசெல்லலாகாது. சுரண்டப்படுவோர் தம்மினும் கீழே ஒருவரை வைத்துக்கொள்வதிற் காணும் ஆறுதலை வெறும் 'போலிப் பிரக்ஞை' எனக் கூறி அமைந்துவிடுதல் போதாது.

நகரத்திலே இரத்தம் வேறு வரலாற்றைப் பெற்றது. சோல் நகரின் சொங்ஜின்-தொங் பகுதியில் விறகுச் சந்தை கூடியது. விடியுமுன் விறகு சுமந்து வந்தோர்க்கு, எலும்புச் சாற்றில் கோவாவின் வெளியிலைகளும் அவரைக்களியும் உறைந்த மாட்டிரத்தமும் இட்டுக் காய்ச்சிய 'ஹேஜாங்குக்' 1930களில் விற்கப்பட்டது. அவ்வுறைந்த இரத்தத்தின் பெயர் 'சொன்ஜி'. மஞ்சு மொழியில் இரத்தத்தைக் குறிக்கும் 'செங்கி'யிலிருந்து இது வந்தது என்பர். பின்னர் 1970களில் தென் கொரியா பன்றியிறைச்சியின் தேர்ந்த பகுதிகளை யப்பானுக்கு ஏற்றுமதி செய்தது. தலையும் காலும் குடலும் இரத்தமும் உள்நாட்டுச் சந்தையில் மலிவாக எஞ்சின. முன்னர் மேலோர் சுவடியில் இடம்பெற்ற சுண்டே, மாவிழைகளால் நிரப்பப்பட்டுத் தொழிலாளரதும் மாணவரதும் தெருவுணவாயிற்று. ஏற்றுமதிப் பொருளாதாரம் ஒரு நாட்டின் நாவை எவ்வாறு வகுக்கிறது என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று எமக்குக் கிடைத்ததில்லை.

இந்தியாவில் நிலைமை மேலும் கொடியது. இங்கே கையோடு வாயும் தீட்டாக்கப்பட்டது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாதார் பற்றிய நூலில் மாட்டிறைச்சி உண்ணலையே தீண்டாமையின் வேராகக் கண்டார். அம்முடிவோடு முற்றாக உடன்படாதவரும், உணவை வரலாற்றுச் சான்றாகக் கொண்ட அவரது முறையை மறுத்தல் அரிது. மராத்வாடாவின் மகர், மாங்கு மக்கள் இரத்தத்தையும் குடலையும் சமைக்கும் முறைகள் மராத்திச் சமையல் நூல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2015ஆம் ஆண்டு ஷாகு பட்டோளே அவற்றை மராத்தியில் எழுதி வெளியிட்டார். உணவு முழுமையான பிரம்மம் எனக் கூறும் மராத்தி உண்ணல்வேளைப் பாடலின் தொடரை ஓரெழுத்தால் மாற்றி, 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' எனத் தமது நூலுக்கு அவர் பெயரிட்டார்: குறைபட்ட பிரம்மம்.