தந்தியும் அகராதியும்

பத்திரிகைத் தொழிலுக்கு வேண்டிய உபகரணங்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கலாம். செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பவை ஒரு வகுப்பு. வந்து சேர்ந்த செய்தி மெய்தானா, அதிற் காணும் பெயரும் ஆண்டும் தொகையும் சரிதானா என்று சோதித்துப் பார்க்க உதவுபவை மற்றொரு வகுப்பு. தந்தி, தொலைபேசி, டெலிபிரிண்டர், மின்னஞ்சல் ஆகியவை முதல் வகுப்பைச் சேரும். அகராதி, கலைக்களஞ்சியம், பழைய இதழ்களின் தொகுப்பு ஆகியவை இரண்டாவதைச் சேரும். தமிழ்ப் பத்திரிகைகளின் சரித்திரத்தை இந்தப் பாகுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால், முதல் வகுப்பு எப்போதும் முந்திக்கொண்டு வந்திருப்பதும், இரண்டாம் வகுப்பு வெகுகாலம் பிந்தி, அதுவும் பெரும்பாலும் பத்திரிகைக் காரியாலயத்தின் வாசலையே மிதித்திராத சிலருடைய உழைப்பினால், வந்து சேர்ந்திருப்பதும் புலனாகும்.

இந்தியாவில் மின்சாரத் தந்தி பொதுஜன உபயோகத்துக்குத் திறந்துவிடப்பட்டது 1855-ல். ரியூட்டர் நிறுவனம் 1866-ல் பம்பாயில் தன் காரியாலயத்தை அமைத்தது. 1870-ல் ஏடன் வழியாகக் கடலடிக் கம்பி பம்பாயை எட்டிய பிறகு, கப்பலேறி வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த லண்டன் சமாசாரம் மணிக்கணக்கில் வரலாயிற்று. ஆகவே ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய சுதேசமித்திரனை 1899-ல் தினசரியாக மாற்றியபோது, உலகச் செய்தியைக் கொண்டுவரும் சாதனத்துக்குக் குறைவிருக்கவில்லை. வந்தவை யாவும் ஆங்கிலத்தில் வந்தன என்பதுதான் சங்கடம். ரஷ்ய ஜப்பானிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1904-ல் அந்தக் காரியாலயத்தில் உதவியாசிரியராக அமர்ந்த சுப்பிரமணிய பாரதியாருக்கு வாய்த்த வேலையிற் பெரும்பகுதி, தந்திகளையும் ஆங்கிலப் பிரசங்கங்களையும் அச்சுக்கோப்பவர் காத்திருக்கும் அவசரத்தில் தமிழாக்குவதாகவே இருந்தது.

அவ்வாறு தமிழாக்க அமர்ந்தவருக்குத் துணையாக இருந்த நூல்கள் எவை என்று பார்த்தால், அந்நாளைய நிலைமை தெளிவாகும். வீரமாமுனிவர் 1732-ல் செய்த சதுரகராதி இருந்தது. பப்ரீஷியஸ் பாதிரியாரின் அகராதி 1779 முதல் இருந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோ அகராதி 1862-ல் வெளிவந்திருந்தது. இவை மகத்தான நூல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதிரிமாரின் பெரிய அகராதிகள் தமிழைக் கற்க வந்த அந்நியருக்காகத் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் கூறியவை. உதவியாசிரியருக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர்த் திசையில் செல்லும் நூல். அத்தகைய ஆங்கிலத் தமிழ் அகராதிகள் சில யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சாகியிருந்தபோதிலும், பார்லிமெண்டு நடவடிக்கைக்கும் வர்த்தக வியவகாரத்துக்கும் புதிய யந்திரங்களுக்கும் உரிய சொற்களை அவற்றில் எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே அந்தத் தலைமுறையினர் தம் ஞாபகத்தையும் சாமர்த்தியத்தையுமே நூலாகக் கொண்டு எழுதினார்கள். இன்று நாம் சர்வசாதாரணமாக வழங்கும் அரசியற் சொற்களிற் பல, இரவு நேரத்தில், கையில் ஆதாரநூல் எதுவுமின்றி, அப்படிப்பட்ட நெருக்கடியிற் பிறந்தவையே.

இக்குறையை நீக்க முதலில் முனைந்தவர் ஒரு பள்ளிக்கூடத் தமிழாசிரியர். சென்னைப் பச்சையப்பன் பள்ளியிற் பணிபுரிந்த ஆ. சிங்காரவேலு முதலியார், புராண இதிகாசப் பாத்திரங்கள், அரசர்கள், புலவர்கள், தலங்கள், நூல்கள் ஆகியவற்றின் விவரங்களை அகர வரிசையில் பல்லாண்டுகள் தனியொருவராகத் தொகுத்து, அதனை அச்சேற்றுவதற்குப் பொருளுதவி தேடி அலைந்து, இறுதியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910-ல் அபிதான சிந்தாமணி என்ற பெயரில் வெளியிட்டார். அவர் காலமான பிறகு, விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934-ல் வந்தது. வித்துவான்களை எண்ணிச் செய்த நூலேயாயினும், கோயில் உற்சவத்தைப் பற்றியோ புலவர் விழாவைப் பற்றியோ எழுத நேர்ந்த பத்திரிகாசிரியர் எழுந்து சென்று புரட்டிப் பார்ப்பதற்கென்று தமிழில் ஒரு நூல் கிடைத்தது அப்போதுதான்.

அடுத்துச் சொல்லத்தக்கது சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதி. 1913-ல் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய அந்தப் பணி, 1924 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, 1926-ல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளையின் தலைமையில் 1936-ல் ஆறு தொகுதிகளாகப் பூர்த்தியாயிற்று; 1939-ல் அனுபந்தமும் வந்தது. மொத்தத்தில் 1,17,762 சொற்கள். வேலை தொடங்கி அனுபந்தம் முடிந்தது வரை கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இதே காலத்தில் பத்திரிகையுலகம் எவ்வளவு தூரம் ஓடிவிட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1926-ல் ஆனந்த விகடன் தோன்றியது. 1934-ல், பாரதியார் மறைந்த தினமாகிய செப்டம்பர் 11-ஆம் தேதியன்று, டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி பிறந்தது. அனுபந்தம் வந்து மூன்றே ஆண்டில், 1942-ல், சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். பேரகராதியின் கடைசித் தொகுதி கட்டப்பெற்று வருவதற்குள், தேர்தலையும் சத்தியாக்கிரகத்தையும் சினிமாவையும் பற்றித் தினந்தோறும் எழுதி எழுதியே பத்திரிகைகள் தமக்கென ஒரு நடையை வகுத்துக்கொண்டுவிட்டன. ஆதித்தனார் தம் நிருபர்களுக்காகத் தாமே ஒரு கையேடு எழுதிக் கொடுக்க நேர்ந்ததற்குக் காரணம், பண்டிதருக்கு உரிய நூல்கள் மலிந்திருந்தும் நிருபருக்கு உரிய நூல் ஒன்றுமில்லாமையே.

சுதந்திரம் வந்த மாதத்திலேயே, 1947 ஆகஸ்டு 27-ல், பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா சென்னையிற் பதிவாயிற்று. 1949 பிப்ரவரியில் அது ரியூட்டரிடமிருந்து செய்தி வினியோகத்தைப் பெற்று நடத்தத் தொடங்கியது. டெலிபிரிண்டரின் ஓசை காரியாலயந்தோறும் இரவும் பகலும் கேட்கலாயிற்று. ஏறக்குறைய அதே வேளையில்தான் மற்றொரு முயற்சியும் ஆரம்பமாயிற்று. அப்போது சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் ஆக்கும் பொறுப்பைப் பெ. தூரனிடம் ஒப்படைத்தது. அணுவையும் ஆகாயத்தையும், நோயையும் மருந்தையும், நாடுகளையும் சட்டங்களையும் பற்றித் துறைதோறும் நிபுணர்களைக் கொண்டு கட்டுரை எழுதுவித்து, முதல் தொகுதியை 1954-லும் பத்தாவதான இணைப்புத் தொகுதியை 1968-லும் அவர் வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தரும் சர்வகலாசாலை அகராதியும், அ. சிதம்பரநாதன் செட்டியாரின் தலைமையில், 1960-களின் நடுவிலேதான் நிறைவுற்றது. பாரதியார் தந்தியும் கையுமாக உட்கார்ந்திருந்த நாளுக்கும், அவருக்குத் தேவைப்பட்ட தரத்தில் ஓர் அகராதி வந்த நாளுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

நூல்கள் இருக்க, பத்திரிகைக்கு வேண்டிய வேறோர் ஆதாரம் அதன் சொந்த ஞாபகம். ஒரு மந்திரி பத்து வருஷங்களுக்கு முன் சட்டசபையில் என்ன கூறினார் என்பதை எந்த அகராதியும் சொல்லாது. பழைய இதழே சொல்ல வேண்டும். வசதியுள்ள காரியாலயங்கள் செய்திகளைக் கத்தரித்து, பொருள்வாரியாக உறைகளில் இட்டு, அதற்கென ஒரு நூலகரையும் வைத்துப் போற்றின. வசதியற்றவை பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட்டன. சென்னையின் ஈரக்காற்றும் கறையானும் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டன. 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் பிற்காலத்தில் நாட்டின் வைப்பு நூலகங்களில் ஒன்றாகி ஓரளவு காப்பாற்றியது. மற்றொரு பகுதியைக் காப்பாற்றியவர், எழுத்துப் பலகை தீட்டுவதில் பேர் பெற்றிருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். நாட்டுக்கோட்டை வீடுகளிலும் பழைய கடைகளிலும் கிடைத்த புத்தகம், சஞ்சிகை, நாடக விளம்பரம், அழைப்பிதழ் எதனையும் அற்பமென்று தள்ளாமல், ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களை அவர் திரட்டினார். அவர் 1992-ல் மறைந்த பிறகு, சிகாகோ சர்வகலாசாலை அத்தொகுப்பை விலைக்கு வாங்கியும் தன் ஊருக்குக் கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்த உதவியது.

பின்னர் கணினி வந்தது. இதிலும் பழைய முறையே திரும்பியது என்பது கவனிக்கத்தக்கது. 1990-களின் பிற்பகுதியில் தமிழ்த் தினசரிகள் இணையத்தில் ஏறின. டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர் ஊர்ச் செய்தியை விடிவதற்கு முன்னரே படிக்கலானார்கள். ஆனால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவையும், அதற்குள் தனக்கே உரிய ஒரு குறியீட்டு வரிசையையும் வைத்துக்கொண்டிருந்தபடியால், ஒன்றின் எழுத்துருவை இறக்கி வைத்தவனுக்கு மற்றொன்று கிறுக்கலாகத் தெரிந்தது. இரண்டிலும் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதென்பது நினைக்கவும் முடியாத காரியமாயிற்று. கொண்டுவரும் கருவி மின்வேகத்தில் இயங்க, சோதிக்கும் கருவி முடங்கிக் கிடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஏற்பாட்டை வகுக்க முயன்றது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், சாதாரணக் கணினிகள் அதனை ஏற்றுக் காட்டுவதற்கு அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. தமிழக அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது 2010-ல். ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி உலகமெங்கும் தேடும் வசதி பத்திரிகாசிரியருக்கு உண்மையில் வாய்த்தது இந்த ஒற்றுமை ஏற்பட்ட பின்னர்தான்.

தேடுவதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? அதனை ஆக்கியவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்களே. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் தினத்தில், சுவிட்சர்லாந்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம், பல தேசங்களில் வாழும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டெழுதியும் பிழை திருத்தியும் அனுப்பிய நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-ல் தோன்றி, அகராதிகளையும் பழைய நூல்களையும், பெ. தூரனின் கலைக்களஞ்சியத்தையுமே இணையத்துக்குக் கொண்டுவந்தது. வையாபுரிப் பிள்ளையின் பேரகராதியைச் சிகாகோ சர்வகலாசாலை தேடத்தக்க வடிவில் அமைத்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கிற்று. தற்கால உரைநடைக்கென்றே எஸ். ராமகிருஷ்ணன் தலைமையில் 1992-ல் வெளிவந்து பின்னர் விரிந்த க்ரியாவின் அகராதியும், ஒற்று மிகுமிடத்தைச் சுட்டும் நாவி, எழுத்துப் பிழையைத் திருத்தும் வாணி போன்ற மென்பொருள்களும், பிழை திருத்துவோர் மேசையிலிருந்த நூலடுக்கின் பெரும்பகுதியை ஒரு திரைக்குள் அடக்கிவிட்டன.

செய்தியின் உண்மையைச் சோதிக்கும் கருவிகளும் இந்தக் காலத்திலேயே பெருகின. ப்ரூஸ்டர் கேல் 1996-ல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகம் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து, 2001 முதல் எவரும் பார்க்கும்படி வைத்ததனால், ஒருவர் நேற்று எழுதியதை இன்று அழித்துவிட்டு மறுக்கும் வித்தை முன்போலப் பலிப்பதில்லை. 2008-ல் தொடங்கிய இந்தியன் கானூன், நீதிமன்றத் தீர்ப்பின் முழு வாசகத்தையும் நிருபரின் கைக்கெட்டும்படி செய்தது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, அது முன்பு எங்கெங்கே வெளியாயிற்று என்று கேட்டறியும் தேடல், ஏதோ ஒரு நாட்டின் வெள்ளத்தைச் சென்னை வெள்ளமென்று காட்டும் மோசடியைச் சில விநாடிகளில் வெளிப்படுத்துகிறது. எனினும், 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு சாதாரண மனு எழுதிப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து பெறும் ஒரு தாளுக்கு உள்ள கனம் இவற்றிற் பலவற்றுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி எதுவாயினும், அது ஆதாரம் இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றித் தானே ஆதாரமாகிவிடாது. கூகுள் மொழிபெயர்ப்பு 2011-ல் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு, அன்று உதவியாசிரியர் வியர்க்க வியர்க்கச் செய்த காரியத்தை யந்திரம் கண்ணிமைப்பதற்குள் செய்கிறது. ஆனால் யந்திரம் செய்ததை ஒப்புநோக்கும் பொறுப்பு அதே உதவியாசிரியரிடம்தான் இருக்கிறது.

இந்தச் சரித்திரத்தில் முதல் வகுப்புக் கருவிகளை ஆக்கியவர்கள் அரசாங்கத்தாரும் வர்த்தகர்களும். அவற்றில் லாபமும் அதிகாரமும் உண்டு, ஆகையால் அவை விரைந்து வந்தன. இரண்டாம் வகுப்பை ஆக்கியவர்கள் பள்ளியாசிரியர், பாதிரியார், பழம்புத்தகம் சேர்த்த செட்டியார், தூர தேசத்து விஞ்ஞானி முதலானோர். அவற்றில் லாபமில்லை, ஆகையால் அவை தாமதித்தன. இந்த உழைப்பின் பயனைத் தினந்தோறும் அனுபவிக்கும் பத்திரிகைகள் அதற்குக் கைம்மாறாகச் செய்தது சொற்பம். செய்யக்கூடிய கைம்மாறு ஒன்று அவற்றின் வசமே இருக்கிறது: தம் பழைய இதழ்களை எல்லாரும் தேடிப் பார்க்கும்படி திறந்து வைப்பது. அது வீண் செலவாகாது என்பதற்கு உதாரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. கலைக்களஞ்சியம் கண்ட பெ. தூரனேதான், சுதேசமித்திரனின் பழைய தொகுதிகளில் உறங்கிக் கிடந்த பாரதியாரின் எழுத்துக்களைத் தேடித் திரட்டி, ‘பாரதி தமிழ்’ என்ற நூலாக்கினார். அச்சுக்கோப்பவர் காத்திருக்க எழுதியவற்றை வேறொருவர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துப் படிக்க முடிந்ததற்குக் காரணம், யாரோ அந்தத் தொகுதிகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததே. இன்றைய தினசரி நாளைய ஆராய்ச்சிக்கு ஆதாரமாக வேண்டுமாயின், அதனைச் சரிபார்த்து எழுதுவது பத்திரிகாசிரியரின் கடமை. அழியாமலும் பூட்டாமலும் வைப்பது அதன் அதிபரின் கடமை.