மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பாக்சிங் ஜிம்முக்குள் போனால் சுவரில் ஒரு டைமர் தொங்கும். 3 நிமிடம் ஓடும், மணி அடிக்கும், 1 நிமிடம் ஓய்வு, மறுபடியும் மணி. வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்ததும் நானும் அந்த மணிக்குக் கட்டுப்பட்டுத்தான் பை குத்துகிறேன். ஆனால் ஏன் மூன்று? ஏன் ஒன்று? இதற்குப் பின்னால் முந்நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் சில உயிர்களும் போயிருக்கின்றன.

1743இல் ஜாக் ப்ராட்டன் என்ற லண்டன் வீரர் குத்துச்சண்டைக்கு விதிகள் எழுதினார். அவற்றில் ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கே இல்லை. யாராவது ஒருவர் கீழே விழும்வரை சுற்று ஓடும். விழுந்தவருக்கு அரை நிமிடம் கிடைக்கும். அதற்குள் மேடை நடுவில் வரைந்த சதுரத்தின் ஓரத்துக்கு வந்து நிற்கவில்லை என்றால் தோல்வி. 1838இல் வந்த லண்டன் விதிகளும் இதே அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு, அதன்பின் யார் உதவியும் இல்லாமல் கோட்டுக்கு நடந்து வர 8 விநாடி கொடுத்தன.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது இப்படித் தெரிகிறது: அந்தச் சுற்றை முடித்தது கடிகாரம் அல்ல, ஒரு நிகழ்வு. நிகழ்வை நம்பி ஒரு விதி இருந்தால், ஆட்கள் அந்த நிகழ்வைத் தாங்களே உண்டாக்கப் பார்ப்பார்கள். களைத்துப்போனவர் அடி படாமலே விழுந்துவிட்டால் அரை நிமிட ஓய்வு இலவசம்! அதனால்தான் அடி வாங்காமல் விழுவது குற்றம் என்று 1838 விதிகளில் தனியாக எழுதவேண்டி வந்தது.

1889 ஜூலை 8இல் மிசிசிப்பியில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் வெறுங்கையால் 75 சுற்றுகள் மோதினார்கள். மொத்தம் 2 மணி 16 நிமிடம். வகுத்துப் பாருங்கள்: ஓய்வையும் சேர்த்தே சராசரியாக ஒரு சுற்றுக்கு 2 நிமிடம்கூட வராது. வெறுங்கையால் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி அதுதான்.

மாற்றத்துக்கான விதி அதற்கு முன்பே, 1867இல், வெளிவந்திருந்தது. ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் என்ற வேல்ஸ்காரர் எழுதிய 12 விதிகள் அவை. ஆதரவு கொடுத்த குயின்ஸ்பெரி பிரபுவின் பெயர்தான் அவற்றுக்கு நிலைத்தது. கையுறை கட்டாயம், மல்யுத்தப் பிடி கூடாது, விழுந்தவர் எழ 10 விநாடி, சுற்று 3 நிமிடம், இடைவேளை 1 நிமிடம். இதில் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதுவரை ஓய்வு வேண்டுமானால் யாராவது விழவேண்டும். இனி நின்றுகொண்டிருப்பவருக்கும் ஓய்வு உரிமை.

ஆனால் எத்தனை சுற்று என்பதற்கு உச்சவரம்பு வைக்காமல் விட்டார்கள். 1893 ஏப்ரல் 6இல் நியூ ஆர்லியன்ஸில் ஆண்டி போவனும் ஜாக் பர்க்கும் 110 சுற்றுகள் மோதினார்கள். 110 சுற்றுக்கு 330 நிமிடம், இடையில் 109 ஓய்வுக்கு 109 நிமிடம். ஆக 439 நிமிடம், அதாவது 7 மணி 19 நிமிடம். கடைசியில் யாருக்கும் வெற்றி இல்லை.

பிறகு பட்டப் போட்டிகள் 15 சுற்றுக்கு வந்து நின்றன. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆம் சுற்றில் விழுந்தார். மூளைக் காயத்தால் சில நாட்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலக பாக்சிங் கவுன்சில் 12 சுற்றுக்குக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அதே பத்தாண்டில் பின்தொடர்ந்தன.

தங்கைகளே, இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மேரி கோம் வெண்கலம் வென்றபோது பெண்களுக்கு 2 நிமிடச் சுற்றுகள் நான்கு. இன்று ஒலிம்பிக்கில் ஆண்களைப் போலவே 3 நிமிடம், மூன்று சுற்று. தொழில்முறையில் பெண்களின் பட்டப் போட்டி பெரும்பாலும் 10 சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம். 2023இல் அமாண்டா செரானோ 12 சுற்று, 3 நிமிடம் என்று ஆடி வென்றார். மூளைக்கு ஆபத்து கூடும் என்பது ஒரு பக்கம். குறைந்த நேரத்தைக் காட்டித்தான் குறைந்த சம்பளம் தருகிறார்கள் என்பது மறுபக்கம். இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டு கையுறை வாங்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். டைமரில் மாற்றக்கூடியவை மூன்று: சுற்றின் நீளம், ஓய்வு, சுற்றுகளின் எண்ணிக்கை. புதியவர் என்றால் 2 நிமிடச் சுற்று ஆறு, நடுவில் 1 நிமிட ஓய்வு. மொத்தம் 17 நிமிடம்தான். அது சுலபமானதும் சுற்றை 3 நிமிடமாக்குங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது உங்களைக் களைக்க வைக்கிறது என்று தெரியும். பை குத்தும்போது ஓய்வை 30 விநாடியாக்கி மூச்சைச் சோதிக்கலாம். ஆனால் எதிரே ஒரு ஆள் நிற்கும் ஸ்பாரிங்கில் ஓய்வைக் குறைக்காதீர்கள். களைத்தால் முதலில் கீழே இறங்குவது உங்கள் கை. அடுத்து அடி விழுவது தலையில். அந்த ஒரு நிமிடத்தில்தான் தண்ணீர் குடிக்கிறோம், கோச் நம் கண்ணைப் பார்க்கிறார், போதுமா என்று முடிவெடுக்கிறார். ஓய்வு மணி அடித்தால் கையை இறக்குங்கள், உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.