ஒரு சிறுகதையும் ஐந்து வினாக்களும்

வரலாறு என்றதும் அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் மாணவர் நினைவுக்கு வருவது இயல்பு. கல்வெட்டும் செப்பேடும் வரலாற்றுக்குச் சான்றாவது போலவே, சில வேளைகளில் ஒரு சிறுகதையும் சான்றாகும். ஒரு காலத்தில் நம் சிற்றூர்களில் ஏழைக் குழந்தைகள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எதைக் கண்டு ஏங்கினார்கள் என்பதை அரசாங்க அறிக்கைகளைவிடத் தெளிவாக நல்ல கதையொன்று காட்டிவிடும். ஆனால், கல்வெட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டும். கதையைப் படிக்க வினாக்கள் வேண்டும். அத்தகைய வினாக்கள் சிலவற்றைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன்.

நான் குறிப்பிடும் கதை, கு. அழகிரிசாமி எழுதி 1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜா வந்திருக்கிறார்’ என்பது. அழகிரிசாமி 1923ஆம் ஆண்டு கோவிற்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர், 1970இல் மறைந்தார். அவ்வாண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு அவருடைய ‘அன்பளிப்பு’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு, அவர் மறைவுக்குப் பின்னர் வழங்கப்பட்டது.

கதை மிக எளியது. தீபாவளிக்கு முந்திய நாள். ஏழைக் குடும்பம் ஒன்று. தாயம்மாள் என்னும் தாய், தன் குழந்தைகளுக்கு எப்படியோ புத்தாடை தேடி வைத்திருக்கிறாள். கணவனுக்கென ஒரு துண்டும் வாங்கி வைத்திருக்கிறாள். அவ்வேளையில் உடுக்கத் துணியின்றி, உடலெல்லாம் சிரங்குடன், எச்சில் இலையில் எஞ்சியதை உண்டு திரியும் அநாதைச் சிறுவன் ஒருவன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்கு உணவளிக்கிறாள்; தீபாவளியன்று தன் மக்களோடு மகனாக அவனுக்கும் எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். மகள் மங்கம்மாளின் சொற்படி, கணவனுக்கென வைத்திருந்த துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். அதே ஊரில் செல்வர் வீட்டுக்கு உண்மையாகவே ‘ராஜா’ எனப்படும் பெரிய விருந்தினர் வந்திருக்கிறார். அவ்வீட்டுச் சிறுவன் அதைப் பெருமையுடன் சொல்லும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் கள்ளமின்றிச் சொல்கிறாள்.

பிள்ளையார்பட்டியில் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவருமாகச் சிலரோடு இக்கதையைப் படித்து உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கதையின் கருத்து யாது, இதனால் நாம் பெறும் நீதி யாது என்று நான் அவர்களைக் கேட்கவில்லை. அத்தகைய வினாக்களுக்கு விடையை அவர்கள் முன்னரே மனனம் செய்திருப்பார்கள். மாறாக, உங்களுக்குப் புரியாதவற்றைக் கேளுங்கள் என்றேன். அவர்கள் கேட்டவற்றுள் ஐந்து வினாக்கள் என்னை வரலாற்றுக்குள் அழைத்துச் சென்றன.

முதல் வினா: ஒரு துண்டைக் கொடுப்பது அவ்வளவு பெரிய செயலா? வீட்டில் பத்துத் துண்டுகள் கிடக்கும் காலத்தில் பிறந்த மாணவன் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. விடை, கதை பிறந்த ஆண்டுகளில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், துணி ஆலைகளின் உற்பத்தியில் பெரும்பகுதி படைகளின் தேவைக்குச் சென்றது. விலை ஏறியது. 1943ஆம் ஆண்டில் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. கைத்தறி நெசவாளருக்கு நூல் கிடைப்பதே அரிதாயிற்று. விடுதலைக்குப் பின்னர், 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் விலை மளமளவென்று உயர்ந்தது. அவ்வாண்டிலேயே மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. துணிக்காக மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களை நினைவிற்கொண்டு படித்தால், தாயம்மாள் கையிலிருந்த துண்டின் எடை நமக்கு விளங்கும். அவள் கொடுத்தது வீட்டில் மிகுந்து கிடந்த பொருளன்று. ஆண்டுக்கு ஒருமுறை கணவன் பெறவேண்டிய ஆடை அது.

இரண்டாம் வினா: நாடு விடுதலை பெற்ற பிறகு எழுதிய கதையில் ராஜா எங்கிருந்து வந்தார்? இதைக் கேட்ட மாணவர் வரலாற்றைக் கருத்துடன் பயின்றவராக இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பிள்ளையார்பட்டிக்கு வடக்கே அடுத்திருந்த புதுக்கோட்டைத் தனியரசு அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஆகவே, கதை வெளிவந்தபோது சட்டத்தின் பார்வையில் ராஜாக்களின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும், சட்டம் மாறிய அன்றே மக்கள் நாவும் மாறிவிடுவதில்லை. அழகிரிசாமி பிறந்த வட்டாரத்தில் எட்டயபுரம் ஜமீன் இருந்தது. இங்கோ சிவகங்கைச் சீமையின் நினைவு இன்றளவும் இருக்கிறது. பெரிய ராஜா வீதியில் வந்தால் ஊரே கூடி நிற்கும் பழக்கம் அன்று மறையவில்லை. அந்தப் பெயரையே உடுக்கத் துணியில்லாத ஒரு சிறுவனுக்கு வைத்துவிட்டார் ஆசிரியர். பட்டங்கள் உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், யாரை நாம் பெரியவர் என்று எண்ணுகிறோம் என்ற கேள்வியை ஒரு சிறுமியின் வாய்ச்சொல்லில் வைத்தார். அன்றைய வாசகர்க்கு அது செய்தித்தாளில் படித்த மாற்றத்தோடு இணைந்து ஒலித்திருக்கும்.

மூன்றாம் வினா நெருக்கமானது. எங்கள் ஊர்ப்பக்கம் எங்கு நோக்கினும் பெரிய வீடுகள் இருக்கின்றனவே, இங்குமா இத்தகைய வறுமை இருந்திருக்கும் என்று ஒருவர் கேட்டார். செட்டிநாட்டு மாளிகைகளைக் காண வெளிநாட்டினரும் வருகின்றனர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் அவ்வீடுகளை அணி செய்கின்றன. ஆனால், அச்செல்வம் இம்மண்ணில் விளைந்ததன்று. செட்டிநாடு வானம் பார்த்த பூமி; ஊருணிகளையும் கண்மாய்களையும் நம்பி வாழ்ந்த நாடு. செல்வம் கடல் கடந்து, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டித் தொழிலிலிருந்து வந்தது. நகரத்தார் குடும்பங்களிலும் இளம்பிள்ளைகள் தாயைப் பிரிந்து, தொழில் பழகக் கப்பலேறினர்.

1930ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. நெல் விலை வீழ்ந்தது. 1942இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. பல்லாயிரம் இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோனதால் சென்னை மாகாணத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. பங்கீட்டு முறை வந்தது. பெரிய வீட்டை நம்பியிருந்த கொத்தர், தச்சர், சமையற்காரர், ஏவலாளர் எல்லாருடைய குடும்பங்களும் அந்த வீழ்ச்சியில் பங்குகொண்டிருக்க வேண்டும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மாளிகையின் வாசலைப் பார்த்து ஊரின் வாழ்வை அளந்துவிடலாகாது. அதன் பின்கட்டையும் அதற்கு அப்பாலுள்ள தெருவையும் காணவேண்டும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு செய்தி சொன்னேன். அழகிரிசாமி பணியாற்றிய ‘சக்தி’ இதழை 1939ஆம் ஆண்டு தொடங்கியவர் வை. கோவிந்தன். அவர் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள ராயவரத்தில், நகரத்தார் மரபில் பிறந்தவர். முன்னோர் தொழிலில் ஈட்டக்கூடிய செல்வத்தை விட்டு, நூல் வெளியீட்டில் இறங்கியவர். 1957ஆம் ஆண்டில் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குப் பதிப்பித்து, ஏழை மாணவனும் வாங்கும்படி செய்தார். கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு பிறந்த அழகப்பச் செட்டியார் தம் செல்வத்தைக் காரைக்குடியில் கல்லூரிகளாக மாற்றினார். எனவே, செட்டிநாட்டின் கதையை மாளிகைகளோடு முடித்துவிடாமல், அச்செல்வம் எங்கெங்குச் சென்றது என்றும் நாம் பார்க்கவேண்டும்.

நான்காம் வினாவில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. தாயம்மாள் செய்தது தக்கதா? அவளே ஏழை, கணவனுக்குரியதை எடுத்து அயலானுக்குக் கொடுக்கலாமா என்றார் ஒருவர். கொடுத்ததனால்தான் அவள் உயர்ந்தாள் என்றார் மற்றொருவர். மூன்றாமவர், ஒரு துண்டு எத்தனை நாளைக்கு, அடுத்த தீபாவளிக்கு அந்தச் சிறுவன் என்ன செய்வான் என்று கேட்டார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. அவ்வினாவுக்குக் கதையில் விடை இல்லை. வரலாற்றில் ஓரளவு இருக்கிறது.

பசித்த குழந்தைக்குப் பள்ளியில் உணவளிப்பது என்னும் முயற்சி சென்னை மாநகராட்சியில் 1920ஆம் ஆண்டிலேயே, தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த காலத்தில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் தொடங்கியது. மாநிலம் முழுவதற்குமான திட்டமாக அது உருப்பெற்றது 1956ஆம் ஆண்டில். முதலமைச்சர் காமராசர் அதனைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். இடைசெவலும் எட்டயபுரமும் கோவிற்பட்டிக்கு அக்கம்பக்கத்து ஊர்கள். அதாவது, கதை வெளிவந்த ஆறே ஆண்டுகளில், கதாசிரியர் பிறந்த வட்டாரத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு பரிமாறப்பட்டது. கதையைப் படித்துத்தான் திட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. கதாசிரியர் கண்ட அதே பசியை நாட்டை ஆண்டவரும் கண்டார் என்பதே செய்தி.

அத்திட்டத்தின் தொடக்கத்தை உற்று நோக்கினால், தாயம்மாளின் கை அங்கேயும் தெரியும். முதலில் ஊரார் அளித்த நன்கொடையே அதற்குத் துணை நின்றது. பின்னர் அரசு செலவில் பங்கேற்றது. கல்வித்துறையின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களை ஊக்கினார். 1958ஆம் ஆண்டு முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைத் தாமே கொண்டுவந்து குவித்தனர். சீருடையும் அவற்றுள் ஒன்று. 1982ஆம் ஆண்டு முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. ஒருத்தி இரக்கத்தால் கொடுத்ததை, ஊர் கூடிக் கொடுத்து, பின்னர் அரசு கடமையாகக் கொடுக்கும் நிலை வந்தது. இரக்கம் இல்லாவிடில் சட்டம் பிறப்பதற்கு வழியில்லை. சட்டம் இல்லாவிடில் இரக்கம் அடுத்த தீபாவளி வரையில் நீடிப்பதில்லை. இருவர் கட்சியிலும் உண்மை உண்டு என்று நான் கூறியபோது, மாணவர்கள் முழுவதும் நிறைவடைந்ததாகத் தோன்றவில்லை. அதுவும் நன்றே.

ஐந்தாம் வினாவை, அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு மாணவி எழுப்பினார். தாயம்மாள் பேசுகிறாள், மங்கம்மாள் பேசுகிறாள், செல்வர் வீட்டுப் பிள்ளையும் பேசுகிறான். ராஜா மட்டும் ஏன் தன் கதையைச் சொல்லவில்லை? அவனுக்குத் துண்டு வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்திராதா?

இவ்வினாவைக் கேட்டவர் ஆசிரியரிடம் குறை காணவில்லை. ஏழைப் பிள்ளை எல்லார் இரக்கத்திற்கும் உரியவனாகிறான். ஆனால் அவன் என்ன நினைத்தான் என்று எவரும் கேட்பதில்லை என்பதையே அவர் சுட்டினார். வரலாறும் பெரும்பாலும் அப்படித்தான். பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரண்டு கைகளோடு வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் விநாயகரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்குடைவரையில் மிகப் பழைய எழுத்தில் பெருந்தச்சன் ஒருவன் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கல்வெட்டறிஞர் கூறுவர். உளி பிடித்தவன் பெயர் கல்லில் நிலைத்தது நற்பேறு. அவனோடு கல் சுமந்தவர் பெயரும், அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த பிள்ளைகளின் பெயரும் அங்கு இல்லை. பெரிய ராஜாக்களுக்குப் பரம்பரைப் பட்டியல் உண்டு. சிறிய ராஜாவுக்கு அழகிரிசாமி எழுதிய சில பக்கங்களே உண்டு. அங்கும் அவன் மிகக் குறைவாகவே பேசுகிறான்.

மாணவ நண்பர்களே, இக்குறையை ஓரளவு நீக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. 1956ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பள்ளியில் நண்பகல் உணவு உண்ட பிள்ளைகள் இன்று எழுபது வயதைக் கடந்த முதியோர். அவர்களுள் சிலர் உங்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கக்கூடும். வரிசையில் நின்று துணி வாங்கிய நினைவைத் தம் தாயிடமிருந்து கேட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் சென்று அமருங்கள். பள்ளிக்கு எதை உடுத்திச் சென்றீர்கள், பசித்தபோது என்ன செய்தீர்கள், யாராவது எதையேனும் கொடுத்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மரியாதையுடன் கேளுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேளாதீர்கள். சொல்வதை அவர்கள் சொல்லும் மொழியிலேயே, ஊர்ப் பெயரும் ஆண்டும் குறித்து, ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அம்மாணவி கேட்ட வினாவுக்கு விடை நூலகத்தில் இருப்பதைக் காட்டிலும் அந்த முதியோரிடத்தில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அதைக் கேட்டு வைப்பதற்குரிய காலமோ இன்னும் சில ஆண்டுகளே.